குகை அகழ்வோரும் அவர்தங் கடமையும்

'மலையைக் கெல்லி எலியைப் பிடித்தாற்போல' என்னும் பழமொழியை நாம் அனைவரும் அறிவோம். பெருமுயற்சி செய்து சிறுபயன் எய்துவாரை நகையாடற்கு எழுந்த மொழி அது. ஆயின், எலியேனும் அகப்படும் என்னும் உறுதியுமின்றி, கூலி யாதும் பெறாமல், தங் கைப்பொருளையுஞ் செலவிட்டுக்கொண்டு, ஆண்டுக்கணக்காக மலையைக் கெல்லிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தார் மேனாடுகளில் உளர். வாரம் முழுதும் அலுவலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ தொழிற்சாலையிலோ உழைத்து, ஓய்வு கிடைத்த மாலையிலும் விடுமுறை நாளிலும் இவர்கள் கடப்பாரையும் வாளியும் எடுத்துக்கொண்டு குகைக்குட் புகுகின்றனர். முழந்தாளிட்டும் மார்பால் ஊர்ந்தும் குகை முடிவுறும் இடத்தை அடைந்து, அங்கே அடைத்துக் கிடக்கும் மண்ணையுங் கல்லையும் அகற்றி, அப்பால் வழி உண்டோ என்று பார்க்கின்றனர். பெரும்பாலும் வழி இருப்பதில்லை. மறுவாரமும் போகின்றனர்.

இவர்தஞ் செய்கை அறிவின்பாற்பட்டதா அன்றி வெறும் பித்தா என்பதும், அறிவின்பாற்பட்டதாயின் அதற்கு எல்லை யாது என்பதுமே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். கல்லூரிச் சஞ்சிகையில் இது எதற்கு என வினவுவார்க்கு, கட்டுரையின் நடுவே விடை கிடைக்கும் என்று மாத்திரம் இப்பொழுது கூறி அமைகின்றோம்.

நம் பக்கத்துக் குன்றுகள் பெரும்பாலுங் கருங்கல்லின் இனத்தைச் சேர்ந்த வன்பாறையால் ஆயவை. அவற்றிற் காணப்படும் குகைகளிற் பல, பாறைகள் ஒன்றன்மேலொன்று சாய்ந்து உண்டான முழைகளே. ஆதலின் குகை என்றவுடன், சில அடிகள் உட்சென்றால் முடிந்துவிடும் ஒன்றே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. சுண்ணாம்புக்கற் பூமியிலோ நிலைமை வேறு. மழைநீரானது காற்றிலிருந்தும் மேல்மண்ணிலிருந்துங் கரியமிலவாயுவைக் கவர்ந்து மெல்லிய திராவகத் தன்மை பெற்றுப் பாறையின் வெடிப்புக்களில் இறங்குகிறது. இறங்கும் வழியெல்லாங் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போகிறது. எறும்பு ஊரக் கல்லுந் தேயுமென்றால், நீர் ஓடத் தேயாதோ? நெடுங்காலம் இவ்வாறு நிகழ, மலையின் வயிற்றில் மைல்கணக்கில் நீளுஞ் சுரங்கங்களும், கோயில் மண்டபம் போன்ற கூடங்களும், கிணறு போன்ற செங்குத்துக் குழிகளும் உண்டாகின்றன. பின்னர் நீரோட்டம் இன்னும் ஆழத்தில் வேறு வழி கண்டு இறங்கிவிட, மேல்வழி வறண்டு நிற்கிறது. அவ்வறண்ட வழியில் வெள்ளங் கொணர்ந்த மணலுஞ் சேறும், கூரையினின்று வீழ்ந்த பாறைகளுங் குவிந்து அதனை அடைத்துவிடுகின்றன. அடைப்பிற்கு இப்பால் நிற்பவனுக்குக் குகை முடிந்துவிட்டது, மலைக்கோ முடியவில்லை.

அப்பால் வழி உண்டென்பதை எங்ஙனம் அறிவது எனின், காற்றால் அறியலாம். வெளியே வாயுமண்டலத்தின் அழுத்தங் குறையுங்கால் குகையின் காற்று வெளியே பாயும். மிகுங்கால் வெளிக்காற்று உள்ளே பாயும். மலை மூச்சுவிடுகிறது என்றே கூறலாம். உள்ளிருப்பது சிற்றறையாயின் அம்மூச்சு விரைவில் அடங்கிவிடும். கல்லிடுக்கினின்று வருங் காற்று மணிக்கணக்காக விடாது வீசுமாயின், உள்ளே இருக்கும் வெளி மிகப் பெரிதென்பது தெளிவு. உயரத்தில் ஒன்றுந் தாழ்விடத்தில் ஒன்றுமாக இரு வாயில்கள் உள்ள குகையில், உள்ளும் புறமும் உள்ள வெப்ப வேறுபாட்டாலுங் காற்று எழும். புகைபோக்கியில் நிகழ்வதும் அதுவே. மெல்லிய காற்றாயின் அகழ்வோர் ஊதுவத்தியைக் கொளுத்திப் புகை எப்பக்கம் வளைகிறது என்று நோக்குவதுமுண்டு. நாம் பூசைக்கும் விருந்துக்கும் ஏற்றும் பொருள் அங்கே பூகோள சாஸ்திரத்திற்குப் பயன்படுவது வியப்பன்று. புகைக்கு ஏது சாதி, ஏது சமயம்!

வேலைமுறையைச் சிறிது விரித்துரைப்போம். ஏனெனில் இதனை அறியாதார் ஏதோ மண்வெட்டியால் நின்றுகொண்டு வெட்டுவதாகக் கருதிவிடுவர். பெரும்பாலான இடங்களில் நிமிர்ந்து உட்காரவும் இயலாது. ஒருவர் முகப்பிற் பக்கவாட்டாகப் படுத்துக்கொண்டு குறுங்கைப்பிடியுள்ள கருவியால் மண்ணைச் சுரண்டுவார். மற்றொருவர் அவர் காலடியிற் கிடந்து அதனைத் தட்டில் வாரி நிரப்புவார். தட்டின் இருபுறமுங் கயிறு கட்டியிருக்கும். நிறைந்த தட்டைப் பின்னிருப்போர் இழுத்துக்கொள்ள, வெறுந்தட்டை முன்னிருப்பவர் தம்பால் இழுத்துக்கொள்வர். வழியடைத்த பெரும்பாறையைத் துளையிட்டு, ஆப்பு அறைந்து பிளப்பர். தலைக்குமேல் நிலைகொள்ளாது நிற்குங் கற்களுக்கு இரும்புக் குழாய்களாற் சாரங் கட்டி முட்டுக் கொடுப்பர். இவையெல்லாம் ஒருபுறமிருக்க, எடுத்த மண்ணை எங்கே போடுவது என்பதே பல சமயங்களிற் பெரிய வினா. குகையின் ஓரங்களிற் கற்சுவர் எழுப்பி அதன்பின் மண்ணைக் கொட்டி அடுக்குவர். அவ்விடமும் நிறைந்துவிட்டால் வாளி வாளியாக வெளியேற்றவேண்டும். கிணறு வெட்டிய அநுபவமுடையார் இதன் பாட்டை நன்குணர்வர். ஒரு பெருமழை வந்து, மூன்று மாதத்தில் எடுத்த சேற்றை ஒரே இரவில் மீண்டுங் கொணர்ந்து நிரப்பிவிடுவதும் உண்டு. அங்கே வழக்கறிஞரும் ஒன்று, கொத்தரும் ஒன்று. சேறு அப்பிய முகத்தில் உத்தியோகந் தெரிவதில்லை.

இத்தகைய உழைப்பால் விளைந்தனவற்றுள் மிக வியக்கத்தக்கதொன்றைக் கூறுவோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில், நியூ மெக்ஸிகோ மாகாணத்துக் கார்ல்ஸ்பாட் குகைகள் தேசியப் பூங்காவில், லெச்சுகியா என்றொரு குகை உண்டு. லெச்சுகியா என்பது அப்பாலைநிலத்தில் வளரும் ஒருவகை ஆனைக்கற்றாழையின் பெயர். 1914-ஆம் ஆண்டில் வௌவால் எச்சத்தை எருவிற்காக எடுக்கும்பொருட்டு அங்கே ஒருவர் உரிமை பதிந்துகொண்டார். 90 அடி ஆழமுள்ள ஒரு குழி, அதனடியிலிருந்து ஏறத்தாழ 400 அடி நீளமுள்ள வறண்ட வழி. குகை என்று சொல்லத்தக்கது அவ்வளவே. அக்குழியைத் துன்பக்குழி என்று பெயரிட்டழைத்தனர். 1950-ஐ அடுத்த ஆண்டுகளில் அங்கு இறங்கினோர் சிலர், குழியடியிற் குவிந்து கிடந்த கற்களின் கீழிருந்து காற்று இரைவதைக் கேட்டனர். கேட்டதை ஒருவருக்கொருவர் சொல்லி வைத்தனர். காலம் ஓடிற்று. 1984-ஆம் ஆண்டிற் கொலராடோ மாகாணத்துக் குகையாய்வாளர் சிலர் பூங்கா அதிகாரிகளிடம் முறைப்படி இசைவு பெற்று அக்கற்குவியலை அகழத் தொடங்கினர். 1986-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் அடைப்புத் திறந்தது. கற்குவியலுக்கு அப்பால், நிமிர்ந்து நடக்கத்தக்க பெருவழிகள் கிடந்தன.

அன்றுவரை 400 அடி என்று எண்ணப்பட்ட அக்குகையில், இன்று அளந்து படம் வரையப்பட்டுள்ள வழிகளின் நீளம் 150 மைல்களுக்கு மேற்பட்டது. ஆழம் 1,604 அடி. உள்ளே ஜிப்சம் என்னும் வெண்கனிப் பொருள் கூரையினின்று மரக்கிளைகள்போற் கவிந்து தொங்குகிறது. அத்தகைய தொங்கல்களுட் சில 20 அடி நீளமுடையன. மேலும், இக்குகையைக் குடைந்தது மேலிருந்து இறங்கிய மழைநீரன்று. ஆழத்திலுள்ள எண்ணெய்ப் படிவங்களினின்று எழுந்த கந்தகங் கலந்த வாயு, நிலத்தடி நீரிலுள்ள பிராணவாயுவோடு கூடிக் கந்தகத் திராவகமாகிக் கீழிருந்து மேலாகக் கல்லை அரித்துள்ளது. குகை பிறக்கும் இவ்வகைக்கு லெச்சுகியா தக்கதோர் எடுத்துக்காட்டாக விளங்குகிறது. கற்குவியலைப் புரட்டியவர்கள் சம்பளம் பெறும் விஞ்ஞானிகளல்லர் என்பதை மறத்தலாகாது.

இங்கிலாந்திலும் இத்தகைய வெற்றிகள் உண்டு. லங்காஷயர், கம்பிரியா, வட யார்க்ஷயர் என்னும் மூன்று மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடும் மேட்டுநிலத்தின் கீழ்ப் பல குகைகள் தனித்தனியே அறியப்பட்டிருந்தன. இவையெல்லாம் ஒரே அமைப்பின் உறுப்புக்களாதல் கூடும் என்ற கருத்து 1968-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. கருத்துக் கூறியவர் கூறிவிட்டார், நிலைநாட்டவேண்டியது கடப்பாரை! ஒரு குகையை அடுத்த குகையோடு இணைக்கும் வேலை நாற்பதாண்டுகளுக்குமேல் நடைபெற்று, 2011-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மூன்று மாவட்டங்களும் நிலத்தடியில் ஒன்றாயின. ஐம்பது மைலுக்கு மேற்பட்ட அவ்வமைப்பே பிரிட்டனில் மிக நீளமானது. தென் வேல்ஸில், ஒகோவ் ட்ரைனன் என்னுங் குகை 1994-ஆம் ஆண்டில் இவ்வாறே அகழ்ந்து திறக்கப்பட்டு நாற்பது மைலுக்குமேல் விரிந்தது. அதனைப்பற்றிப் பின்னருங் கூறவேண்டியிருக்கும்.

இனி, 'இதனாற் பயன் யாது?' என்று வினவுவார்க்கு வருவோம். இவ்வினா நம் கல்லூரி நடைக்கூடங்களில் நாள்தோறுங் கேட்கப்படுவது. எந்த நூலைப் படிக்கச் சொன்னாலும், எந்தக் கழகத்திற் சேரச் சொன்னாலும், பரீட்சைக்கு வருமா, சான்றிதழ் உண்டா என்பதே முதற்கேள்வி. தொண்டிற்கும் இக்காலத்தில் மதிப்பெண் வகுக்கப்பட்டிருக்கிறது. மதிப்பெண்ணுக்காகச் செய்யுந் தொண்டு தொண்டன்று என்று யாம் சொல்லத் துணியோம். பசித்தவனுக்கு இட்ட சோறு யார் இட்டாலுஞ் சோறே. எனினும், மதிப்பெண் நின்றவுடன் நின்றுபோகும் உழைப்பிற்கும், யாரும் காணாத இருளில் இருபதாண்டு தொடரும் உழைப்பிற்கும் வேறுபாடு உண்டென்பதை மறைத்தல் இயலாது. அதனை எடுத்துக்காட்டவே இப்பொருளை இச்சஞ்சிகைக்குத் தேர்ந்தோம்.

பயன் கருதியே குகையை அகழ்ந்தவர்களின் கதையும் நமக்குத் தெரியும். அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில் மாமத் குகையைச் சூழ்ந்த நிலக்காரர்கள், குகை காண வரும் யாத்திரிகரிடம் கட்டணம் பெறுவதிற் பெரும்போட்டி யிட்டனர். பிளாயிட் காலின்ஸ் என்பவர் 1917-ஆம் ஆண்டில் ஓர் அழகிய குகையைக் கண்டார். ஆனால் அது பெருவழியினின்று தொலைவில் இருந்தமையால் வருவார் குறைந்தனர். வழிக்கு அணித்தாக வேறொன்று காணவேண்டுமென்று, மணற்குகை எனப்பட்ட நெருக்கமான பிளவொன்றைத் தனியராகச் சென்று அகலப்படுத்தி வந்தார். 1925-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் திரும்பி வருகையில் ஒரு கல் வழுவிக் காலைப் பிடித்துக்கொண்டது. 30 இராத்தலுக்குங் குறைந்த அக்கல்லை எட்டி எடுக்க அவராலும் முடியவில்லை, அருகே ஊர்ந்து சென்றவர்களாலும் முடியவில்லை. அவர் உள்ளே கிடந்த நாட்களில், மேலே ஆயிரக்கணக்கானோர் கூடித் திருவிழாப்போற் கடைகளும் பரப்பினர். மீட்போர் பக்கத்தே ஒரு குழி வெட்டி பிப்ரவரி 16-ஆம் நாள் அவரை அடைந்தபொழுது உயிர் பிரிந்திருந்தது. அவரைப் பழித்தற்கு யாதுமில்லை. வறிய நிலத்தில் பிழைக்க வழி தேடியவர் அவர். ஆயின், தனியே போனதும், விரைந்ததும், பிறர் முந்திவிடுவரோ என்ற அச்சமும் எங்கிருந்து வந்தன என்பதை எண்ணுதல் வேண்டும்.

பொருளாசை இல்லாதார்க்கு ஆசையே இல்லையென்று கருதிவிடலாகாது. தொண்டராய் அகழ்வோர்க்கும் ஓர் ஆசை உண்டு. மனிதர் காலடி படாத இடத்தில் முதற்காலடி தமதாயிருக்க வேண்டுமென்பதே அது. இது குற்றமன்று, இமயச் சிகரம் ஏறுவோரிடம் நாம் இதனைப் போற்றுகின்றோம். ஆனால் இவ்வாசையால் ஒரு சங்கத்தார் தாம் அகழும் இடத்தை மற்றச் சங்கத்தார் அறியாமல் மறைத்தலும், மறைப்பதால் வேலை முறையும் கண்டவையும் எழுதப்படாமலே ஒழிதலும் உண்டு. இம்மறைப்பை யாம் ஒருசிறிதும் ஒப்புக்கொள்ளோம். பயன் கருதாது செய்கின்றோம் என்பவர், தம் பெயரையும் கருதாதிருக்கக் கடவர்.

உயிரபாயத்தைக் காட்டித் தடுப்போரும் உளர். 1967-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24-ஆம் நாள், யார்க்ஷயரிலுள்ள மாஸ்டேல் குகையின் ஆழப்பகுதியை ஆராயச் சென்ற இளைஞர் அறுவர், மேலே பெய்த மழையால் வெள்ளம் புகுந்து உள்ளேயே மாண்டனர். அவர்தம் உடல்கள் அக்குகையிலேயே அடக்கஞ் செய்யப்பட்டன. 1991-ஆம் ஆண்டில், லெச்சுகியாவிற் கால் முறிந்த ஒரு பெண் ஆய்வாளரை வெளியே கொணர நான்கு நாட்களும், நூற்றுக்கு மேற்பட்டோரின் உழைப்பும் வேண்டியிருந்தன. இவற்றை நினைந்தால் உள்ளம் நடுங்குகிறது. எனினும், குகையில் இடருற்றாரை மீட்கச் செல்வோரும் பெரும்பாலும் அதே தொண்டர்களே. ஒருவர் துணிவிற்கு மற்றொருவர் பிணையாக நிற்குங் கூட்டத்தை, 'உங்கள் உயிரை நீங்கள் எப்படி ஒப்படைக்கலாம்?' என்று கேட்க நமக்கு உரிமை சிறிதே. மழைக்குறி பாராது உட்செல்வாரைக் கண்டிக்கலாம். அதற்குமேல் யாம் செல்லோம்.

உண்மையான தடை வேறு. அகழ்வோன் தன் உயிரைப் பணயம் வைப்பதைவிட, தன்னுடையதல்லாத ஒன்றைப் பணயம் வைக்கின்றான். அடைப்பு என்று அவன் கருதும் மண் வெறும் மண் அன்று. அது காலம் எழுதி வைத்த ஏடு. தட்டில் வாரி இழுத்துக் கொட்டியபின் அவ்வேட்டை மீண்டும் யாரும் அடுக்க முடியாது.

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் டார்க்கி நகரையடுத்துக் கென்ட்ஸ் குகை உள்ளது. 1825 முதல் 1829 வரை அங்கு அகழ்ந்த மக்கெனெரி என்னுங் கத்தோலிக்கக் குருவானவர், கல்லாய் உறைந்த தளத்தின் கீழே, மறைந்தொழிந்த விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய கற்கருவிகளும் கிடந்ததைக் கண்டார். மனிதன் அத்துணைப் பழையவன் என்பதை அக்காலத்து அறிஞர் ஏற்கவில்லை. கருவிகள் பிற்காலத்துப் பள்ளங்களின் வழியே கீழிறங்கியிருக்கும் என்றனர். அதனை மறுத்தற்கு, எந்தப் பொருள் எந்த அடுக்கில் எவ்விடத்திற் கிடந்தது என்னும் ஐயமற்ற குறிப்பு வேண்டியிருந்தது. அக்குறிப்பைத் தந்தவர் வில்லியம் பெங்கெலி என்னும் பள்ளியாசிரியர். பெரும்பாலுந் தாமே கற்றுத் தேர்ந்தவர். 1865 முதல் 1880 வரை பதினைந்தாண்டு அவர் அக்குகையில் வேலை நடத்தினார். தளத்தை அளவான கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் அடுக்கடுக்காக எடுத்து, கிடைத்த ஒவ்வொரு பொருளின் இடத்தையும் பதிந்துகொண்டே சென்றார். அவரும் அகழ்ந்தார், மண்ணையும் அகற்றினார், அவர் அகற்றிய மண் இன்றுங் காகிதத்தில் இருக்கிறது. அகழ்வதற்கும் அழிப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு குறிப்புப் புத்தகத்தின் அளவே என்று நமக்குத் தோன்றுகிறது.

பிரான்ஸ் தேசத்து இரு குகைகளை ஒப்பிட்டாலும் இது விளங்கும். 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் லாஸ்கோ என்னுமிடத்தில் சிறுவர் நால்வர் ஒரு சிறு துவாரத்தை அகலப்படுத்தி உட்சென்று, சுவரெங்கும் எருதுகளுங் குதிரைகளுமாகப் பழங்கால ஓவியங்களைக் கண்டனர். கண்ட சிறுவர்மேல் குறையில்லை. பின்னர் வந்த பெரியோர், வாயிலை விரித்து, மக்கள் நடக்க வழியும் விளக்கும் அமைத்து, 1948-ஆம் ஆண்டிற் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். நாள்தோறுந் திரண்டு வந்தோரின் மூச்சும் வெப்பமும், பல்லாயிரம் ஆண்டு மாறாதிருந்த காற்றை மாற்றிவிட்டன. சுவரிற் பச்சைப் பாசி படர்ந்தது. 1963-ஆம் ஆண்டிற் குகை மூடப்பட்டது. அதன்பின்னுங் கேடு முற்றும் நீங்கவில்லை.

மற்றொன்று ஷோவே குகை. 1994-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள், ஆர்தேஷ் ஆற்றங்கரைப் பாறையில் குகையாய்வாளர் மூவர், ஒரு துளையினின்று மெல்லிய காற்று வருவதை உணர்ந்து, கற்களை அகற்றி உடல் நுழையுமளவு வழி செய்து இறங்கினர். முப்பதாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சிங்கங்களும் காண்டாமிருகங்களுஞ் சுவரில் எழுதப்பட்டிருந்தன. தரையிற் கரடியின் எலும்புகள் கிடந்தன. அவர்கள் செய்ததைக் கவனிக்க வேண்டும். தரையின் தடயங்களைக் குலைக்கலாகாதென்று, நடந்த அடிச்சுவட்டிலேயே நடந்து, பிறகு விரிப்புக்களை இட்டு அவற்றின்மேல் மாத்திரம் சென்றனர். அரசாங்கத்தாரும் லாஸ்கோவின் பாடத்தை மறவாது, அக்குகையைப் பொதுமக்களுக்கு ஒருநாளுந் திறந்ததில்லை. காண விரும்புவோர்க்காக அதனைப்போன்ற வேறொன்றைச் சமைத்து 2015-ஆம் ஆண்டிற் திறந்தனர். துளையைக் கண்டவுடன் கல்லை அகற்றிய கை, ஓவியத்தைக் கண்டவுடன் நின்றுவிட்டது. அகழ்வோனிடத்தில் யாம் எதிர்பார்ப்பது இதுவே.

ஓவியமும் எலும்பும் இல்லாத குகையாயின் தடையில்லையே எனலாம். அதுவும் முற்றும் பொருந்தாது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, லெச்சுகியாவின் உட்பாகத்தில், நாற்பது லட்சம் ஆண்டுகளாக வெளியுலகத் தொடர்பின்றி இருந்த பகுதியினின்று எடுக்கப்பட்ட நுண்ணுயிர்களுட் சில, நம் வைத்தியர் வழங்கும் பற்பல மருந்துகளையும் எதிர்த்து நிற்பனவாக 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியால் தெரியவந்தது. மருந்து பிறக்குமுன்னே எதிர்ப்பு இருந்தது என்பது வைத்திய சாஸ்திரத்திற்குப் பெரும் செய்தி. உள்ளே சென்றவர் எச்சிலும் உணவுத் துணுக்குஞ் சிதறி வந்திருப்பின் இச்செய்தியே நமக்குக் கிடைத்திராது. வௌவால்களின் நிலையும் இரங்கத்தக்கது. 2006-ஆம் ஆண்டில் நியூயார்க் மாகாணத்துக் குகையொன்றில் முதன்முதற் காணப்பட்ட வெண்மூக்கு நோய் என்னும் பூஞ்சண நோயால் வட அமெரிக்காவில் லட்சோபலட்சம் வௌவால்கள் மடிந்தன. மனிதர் உடையிலுங் கருவியிலும் ஒட்டி அப்பூஞ்சணம் குகைவிட்டுக் குகை செல்லக்கூடும் என்பதனால், உடையைத் தூய்மை செய்யாது மறுகுகை புகலாகாதென்ற விதி ஏற்பட்டது.

இனி, மேலே நிறுத்திவைத்த ஒகோவ் ட்ரைனனுக்கு வருவோம். அக்குகையாளரிடையே நெடுநாள் ஒரு வழக்கு நிகழ்ந்தது. குகையோ மிகப் பெரிது. முதல் வாயிலினின்று தொலைவிடங்களுக்குச் செல்லப் பல மணி நேரமாகும். மலையின் மறுபுறத்தில் இரண்டாம் வாயில் ஒன்றை அகழ்ந்து திறந்தால் ஆராய்ச்சி எளிதாகும், இடருற்றாரை விரைவில் மீட்கலாம் என்பது ஒரு சாரார் கூற்று. ஒரு வாயிலே இருப்பின் தொலைவே காவலாக நின்று உட்பகுதிகளைக் காக்கும். வாயில் பெருகின் காலடியும் பெருகும், காற்றின் போக்கும் மாறும் என்பது மற்றொரு சாரார் கூற்று. இருவருங் குகையை நேசிப்பவர்களே. அதனாலேயே வழக்கு கடுமையாயிற்று.

எம் கருத்து இரண்டாம் சாராரின்பாற் சாய்கிறது. மீட்பிற்கென்று கூறப்படும் காரணம் வலியுடையதாயினும், எளிய வாயில் எளிய மனத்தாரையும் உள்ளிழுக்கும். ஆறு மணி நேரம் ஊர்ந்து அடையும் இடத்திற்குச் செல்வோன், செல்லுமுன் ஆறு நாள் எண்ணிப் பார்ப்பான். அரைமணியில் அடையத்தக்க இடத்திற்கு எண்ணாமலே போவான். கல்விழுதில் ஒன்றை முறித்துப் பையில் இட்டுக்கொண்டும் வருவான். ஓர் அங்குலம் வளர நூற்றாண்டு செல்லும் பொருளை முறிக்க ஒரு கணமே வேண்டும். ஆகலின், குகையின் முடிவை அகழ்ந்து நீட்டுதல் ஒரு வகை. குகைக்குப் புது வாயில் திறத்தல் முற்றும் வேறு வகை. முன்னதற்கு இசைவு தரும் மனம் பின்னதற்குத் தயங்குதலே முறை. மீட்பிற்கு இன்றியமையாத இடத்திற் திறந்தே ஆகவேண்டுமாயின், அதற்குப் பூட்டிய கதவும், வௌவால் செல்ல விட்ட கம்பி இடைவெளியும், திறவுகோலுக்குப் பொறுப்பாளரும் முதல் நாளிலேயே அமைதல் வேண்டும். பிறகு பார்த்துக்கொள்வோம் என்பது உதவாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறப்புடைய குகை நிலங்கள் பல சட்டத்தாற் காக்கப்பட்டுள்ளன. அங்கே அகழ விரும்புவோர் நிலத்துக்குரியவரின் சம்மதத்தோடு, இயற்கைப் பாதுகாப்புக்குரிய அதிகாரிகளின் இசைவும் பெறவேண்டும். இதனை வீண் தொல்லையென்று முணுமுணுக்குந் தொண்டர் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. ஆயின் அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்வோம். இசைவு கேட்டு வருபவன், கேளாமலே அகழ்பவனைவிட நல்லவன். அவனை ஆண்டுக்கணக்கிற் காக்கவைத்து மறுப்பதே வழக்கமாயின், அடுத்த முறை அவன் கேட்கமாட்டான். பெங்கெலியைப்போல் அடுக்கடுக்காகப் பதிந்து வருவதாக உறுதி கூறுபவனுக்கு விரைந்து இசைவு கொடுத்து, ஆண்டுதோறும் அவனது குறிப்பைக் கேட்டு வாங்கி நூல்நிலையத்தில் வைத்தல் தகும்.

லெச்சுகியாவிற்கு 1993-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டசபை தனிச்சட்டமே இயற்றிக் காவல் செய்தது. அகழ்ந்த வழி சரியாதிருக்க இரும்புக் குழாய் பதித்து, காற்று வீணே போகாதிருக்க மூடியும் இட்டுள்ளனர். யாத்திரிகர்க்கு அங்கே இடமில்லை. இசைவு பெற்ற சிறு குழுவினர் மாத்திரம் உட்சென்று, நாட்கணக்கில் நிலத்தடியிலேயே தங்கி, நாடா அடித்த வழியில் நடந்து, புதுவழியின் ஒவ்வோர் அடியையும் அளந்து வரைந்து வருகின்றனர். வரைபடத்தின் ஓரங்களில், இன்னும் போய்ப் பாராத வழிகளுக்கு நேராக வினாக்குறி இட்டுவைப்பது அவர்கள் வழக்கம்.